பழைய பிக்கப் வண்டிக்குக் கிளட்ச் மாற்றுவது: கியர்பாக்ஸை இறக்கும் முன்னும் பின்னும்

"வண்டி ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குதுங்க" என்று பட்டறையில் சொன்னால், "கிளட்ச் போயிருச்சு, இறக்கிப் பாத்தரலாம்" என்று பதில் வரும். பல நேரம் அது சரிதான். சில நேரம் கோளாறு கேபிளிலோ சிலிண்டர் ரப்பரிலோ இருக்கும், கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய கூலி மட்டும் நம் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். தேங்காய், காய்கறி, பனியன் மூட்டை ஓட்ட பத்துப் பதினைந்து வருட வண்டியைக் கைமாற்றி வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் மாட்டும் பெரிய செலவு இது. கீழே இருப்பதைப் படித்துவிட்டு நீங்களே செய்யலாம். பட்டறையில் விட்டாலும் பக்கத்தில் நின்று என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

1. எந்தக் கோளாறு என்று முதலில் பிரியுங்கள்

"கிளட்ச் சரியில்லை" என்பதற்குள் நாலு தனித்தனி நோய் இருக்கிறது. நாலுக்கும் மருந்து வேறு.

சிலிப்: ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. லோடோடு ஏற்றத்தில் கருகல் வாடை வரும். சோதிக்க, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, முன்னால் ஆள் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இஞ்சின் சூடான பிறகு மூன்றாவதோ நாலாவதோ கியரைப் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பெடலை மெதுவாக விடுங்கள். இஞ்சின் உடனே அணைந்தால் பிளேட் (இஞ்சின் சுழற்சியை உரசிப் பிடித்துக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் தட்டு) பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் சிலிப். ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை போதும், ஒவ்வொரு தடவையும் பிளேட் கருகுகிறது. இன்னொன்று: இஞ்சின் சத்தமே ஏறாமல் வண்டி முக்கினால் கிளட்சைக் குறை சொல்லாதீர்கள். டீசல் பில்டர், ஏர் பில்டர், டர்போ ஹோஸ், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் ஆகியவற்றைப் பாருங்கள்.

விடாத கிளட்ச்: பெடலை முழுக்க மிதித்தும் கியர் கரகரவென்று விழுகிறது. இஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்து மூன்று நாலு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அவ்வளவு பொறுத்தும் கரகரத்தால் பிளேட் முழுதாக விடவில்லை. இஞ்சினை அணைத்தால் எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தால் அது உறுதி. இரண்டாவது கியர் மட்டும் கரகரத்தால் அது கியர்பாக்ஸுக்குள் சிங்க்ரோ ரிங் தேய்மானம், கிளட்ச் மாற்றிப் பயனில்லை. இதற்கெல்லாம் முன்னால் பெடலுக்கு அடியில் மிதியடி சுருண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் பெடல் தரை வரை போகாமல் அது தடுப்பது உண்டு.

உதறல்: வண்டி கிளம்பும்போது மட்டும் தடதடவென்று ஆடுவது. இஞ்சின், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர்களையும் ஜாயின்ட் கிராஸையும் பட்டை ஸ்பிரிங் யூ போல்ட்டையும் முதலில் பாருங்கள். அவை நன்றாக இருந்தால்தான் பிளேட்டில் ஆயில், பிளைவீலில் (இஞ்சின் பின்னால் சுழலும் கனமான சக்கரம்) சூட்டுத் தழும்பு என்று உள்ளே போக வேண்டும்.

சத்தம்: நியூட்ரலில் கால் எடுத்திருக்கும்போது இரைந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் முன்பக்கப் பேரிங். மிதித்ததும் தொடங்கினால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங்). கியரைப் போட்டு, பெடலை மிதித்து நிற்கும்போது மட்டும் கீச்சென்றால் பிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

2. இறக்காமலே பார்க்க வேண்டியவை

கேபிள் வண்டியா, ஆயில் வண்டியா என்று கண்டுபிடியுங்கள். டாட்டா ஏஸ் மாதிரி சின்ன வண்டியில் கேபிள். பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டர், அங்கிருந்து மெல்லிய பைப், கியர்பாக்ஸ் பக்கத்தில் கீழ் சிலிண்டர் என்று போனால் ஆயில் வண்டி.

கேபிள் வண்டியில் பெடலைக் கையால் அழுத்துங்கள். கனம் தட்டும் வரை சும்மா போகும் தூரத்தை ஸ்கேல் வைத்து அளங்கள். பொதுவாக 15 முதல் 25 மி.மீ. இருக்கும். உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. பிளேட் தேயத் தேய இந்த விளையாட்டு குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் சுத்தமாக இல்லாமல் போய், பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்களை ரிலீஸ் பேரிங் எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கும். அப்போது நல்ல பிளேட்டும் சிலிப் அடிக்கும். நட்டைத் திருகி விளையாட்டு வைத்தால் சரியாகிவிடும் வண்டிகள் உண்டு. திருகுவதற்கு இடமே மிச்சமில்லை என்றால் பிளேட் முடிந்தது. பெடல் கல்லாக இருந்தால் கேபிளைக் கழற்றிக் கையில் இழுத்துப் பாருங்கள். உறைக்குள் சிக்கினாலோ நுனியில் இழை பிரிந்திருந்தாலோ கேபிளை மட்டும் மாற்றுங்கள்.

ஆயில் வண்டியில் ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே படுத்து சிலிண்டர் ராடு எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர்கூட நகரவில்லை என்றால் கோளாறு கியர்பாக்ஸுக்கு வெளியே, பெடல் முதல் கீழ் சிலிண்டர் வரைதான். பெடலை இரண்டு மூன்று தடவை அடித்து அடித்து மிதித்தால் கியர் விழுகிறதா? காற்று ஏறியிருக்கிறது, இல்லாவிட்டால் ரப்பர் போயிருக்கிறது. கேபினுக்குள் பெடலுக்கு மேல் பகுதி ஈரமாக இருந்தால் மாஸ்டர். கீழ் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விலக்கினால் ஆயில் வடிந்தால் கீழ் சிலிண்டர்.

பலர் தவறவிடுவது இது: ஆயில் வண்டி சிலிப் அடித்தாலும் பிளேட் நன்றாக இருக்கலாம். மாஸ்டரை மாற்றும்போது புஷ் ராடை நீளமாக வைத்துவிட்டால் ஆயில் திரும்பிப் போகும் ஓட்டை அடைபடும். பழைய ஹோஸ் உள்ளே வீங்கினாலும் இதே கதை. சூடு ஏற ஏற அழுத்தம் உள்ளேயே நின்று கிளட்ச் பாதி மிதித்த நிலையில் இருக்கும். சிலிப் அடிக்கும் நேரத்தில் கீழ் சிலிண்டரின் நிப்பிளை (காற்று எடுக்கும் சின்னத் திருகு) ஒரு கணம் திறந்து மூடுங்கள். ஆயில் பீய்ச்சி வந்து சிலிப் நின்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டிய வேலையே இல்லை.

பட்டறைக்காரரிடம் சொல்வதற்குத் தயங்க வேண்டாம். "அண்ணா, இறக்கறதுக்கு முன்னாடி ராடு எவ்வளவு நகருதுன்னு ஒருக்கா பாத்தரலாமுங்களா?" என்று கேட்டால் நல்ல மெக்கானிக் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

3. காகிதம், பணம், நாள்

ஆர்.சி. நகலைக் கையில் வையுங்கள். சேசிஸ் எண், இஞ்சின் எண், தயாரித்த மாதம், வருடம் நாலும் ஸ்பேர் கடையில் வேண்டும். பிஎஸ்4 என்ற புகை விதி நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில், பிஎஸ்6 2020 ஏப்ரலில். அந்தத் தேதிகளை ஒட்டித் தயாரான வண்டி என்றால் பெயர் ஒன்றாக இருந்தும் கிளட்ச் அளவு மாறியிருக்கலாம்.

எப்.சி. (தகுதிச் சான்று) தேதியைப் பாருங்கள். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எப்.சி. எடுக்க வேண்டும். தேதி பக்கத்தில் இருக்கும்போது வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு ஸ்பேருக்கு அலையாதீர்கள். வண்டியைப் பட்டறையில் விடும்போது அசல் ஆவணங்களை எடுத்துக்கொண்டு நகலை வையுங்கள். இன்சூரன்ஸ் இதற்குக் கொடுக்காது, தேய்மானம் பாலிசியில் சேராது.

செலவுக் கணக்கு சுமாராகத்தான் சொல்ல முடியும், கடைக்குக் கடை மாறும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட் சின்ன வண்டிக்கு ரூ.3,000 தொட்டுத் தொடங்கும். ஒரு டன்னுக்கு மேல் ஏற்றும் பிக்கப் என்றால் ரூ.6,000 முதல் 10,000 வரை வைத்துக்கொள்ளுங்கள். இறக்கி ஏற்றும் கூலி ரூ.2,000 முதல் 4,000. அதற்கு மேல் லேத் கூலி, ஆயில் சீல், பைலட் பேரிங், கியர் ஆயில், கிளட்ச் ஆயில் என்று தனியாக ரூ.2,000 ஒதுக்குங்கள். பில்லில் வரியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பழைய பழக்கத்தில் 28 போட்டிருந்தால் கேளுங்கள்.

பட்டறையில் ஒரு நாள் வேலை. பிளைவீல் லேத்துக்குப் போனால் இரண்டாவது நாள் மதியம் ஆகும். உங்கள் பகுதிக்கு மாதாந்திர மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். லேத் பட்டறையில் கரண்ட் இல்லாத நாளில் பிளைவீலைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பதில் லாபமில்லை. ஞாயிறும் அப்படித்தான். வீட்டில் இரண்டு பேர் செய்தால் முழுசாக இரண்டு நாள் வையுங்கள்.

4. சாமான் வாங்குவது

மூன்று உருப்படியையும் ஒரே செட்டாக வாங்குங்கள். பிளேட்டை மட்டும் மாற்றி மற்றதை விட்டால் ஐந்தாறு மாதத்தில் ரிலீஸ் பேரிங் அழ ஆரம்பிக்கும், திரும்பவும் அதே கூலி. வேலியோ, லூக், எக்ஸிடி போன்ற பெயருள்ள செட் ஒன்றை பில்லோடு, வண்டி எண் எழுதி வாங்குங்கள். வாரண்டி கேட்கப் போனால் அந்தக் காகிதம் இல்லாமல் பேச்சே கிடையாது.

கூட வாங்க வேண்டியவை: பைலட் பேரிங், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல், கியர்பாக்ஸ் முன்பக்க ஆயில் சீல், போர்க் (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் கவை) தேய்ந்திருந்தால் அது, பிளைவீல் போல்ட். பழைய பிளேட்டுக்கு லைனிங் மாற்றி ரிவெட் அடித்துத் தருகிறோம் என்பார்கள். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஓடும் வண்டிக்கு அது ஓடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும் வண்டிக்கோ, பண்ணாரி தாண்டித் திம்பத்தின் 27 வளைவில் லோடோடு லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டிக்கோ வேண்டாம்.

பெட்டியை வாங்கியதும் அங்கேயே பழைய பிளேட்டோடு ஒப்பிட முடிந்தால் நல்லது. விட்டம், நடு ஓட்டையின் பல் எண்ணிக்கை, மையக் குண்டின் உயரம் மூன்றும் ஒத்துவர வேண்டும். பல் ஒன்று கூடினாலும் ஷாஃப்ட்டில் ஏறாது.

5. இறக்குவது

லோடை இறக்கிவிட்டுச் சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். தூக்கிய பிறகு இரும்பு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கவே கூடாது. அது வெடிப்பு காட்டாமல் ஒரே நொடியில் பொடியாகும், கீழே படுத்திருப்பது நீங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். ஜாயின்ட் ஷாஃப்ட் பிளாஞ்சில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பிரியுங்கள். கோடு தப்பி மாட்டினால் 60க்கு மேல் வண்டி நடுங்கலாம். ஷாஃப்ட் நேராகக் கியர்பாக்ஸுக்குள் சொருகும் வகை என்றால் உருவியதும் கியர் ஆயில் கொட்டும், முன்கூட்டியே ஆயிலை வடியுங்கள்.

பிறகு கியர் லீவர், ஸ்பீடோ மீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார். கீழ் சிலிண்டரை ஹோஸோடு அப்படியே கழற்றிச் சேசிஸில் கட்டித் தொங்கவிடுங்கள். அதற்குப் பிறகு யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பிஸ்டன் வெளியே தெறித்து ஆயில் முழுக்கப் போகும்.

குறுக்குச் சட்டத்தைக் கழற்றினால் இஞ்சின் பின்னால் சாயும். அதற்கு முன்பே ஆயில் சேம்பருக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியில் தாங்குங்கள். பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) போல்ட்டுகள் வெவ்வேறு நீளத்தில் இருக்கும். அட்டையில் வட்டம் வரைந்து கழற்றியதை அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள், மாட்டும்போது அரை மணி நேரம் மிச்சம். கியர்பாக்ஸை ட்ராலி ஜாக்கியில் உட்கார வைத்து நேர் பின்னால் இழுக்க வேண்டும். பாதியில் விட்டு ஷாஃப்ட்டில் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துவிடும். பழைய பிளேட்டுக்குக் கவலையில்லை, ஏற்றும்போது புதுசுக்கும் இதே விதி என்று நினைவில் வையுங்கள்.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

6. பழைய பிளேட் என்ன சொல்கிறது

பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுங்கள். பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 0.3 மி.மீ.க்குக் குறைவு என்றால் ஆயுள் முடிந்த சாதாரணத் தேய்மானம். லைனிங் நிறைய இருந்தும் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கருகியிருந்தால் ஓட்டும் முறையில் கோளாறு. வாய்க்கால் மேட்டில் ஹேண்ட்பிரேக் போடாமல் அரைக் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது, மழை பெய்த தோப்புக்குள் லோடோடு ரிவர்ஸில் முக்குவது. புதுப் பிளேட்டும் இதே வழியில்தான் போகும்.

ஆயில் பட்டிருந்தால் முகர்ந்து பாருங்கள். கறுப்பாக இஞ்சின் ஆயில் வாடை என்றால் கிராங்க் சீல். கந்தக நாற்றம் அடித்தால் கியர்பாக்ஸ் சீல். எதுவும் கசியாவிட்டாலும் இரண்டையும் மாற்றிவிடுங்கள். இந்த இடத்துக்குத் திரும்ப வர இன்னொரு கூலி ஆகும்.

பிளைவீலில் நீலத் தழும்பு, விரலில் தட்டும் கோடு இருந்தால் லேத்தில் பேஸ் அடிக்க வேண்டும். மயிரிழை விரிசல்கள் ஆழமாக இருந்தாலோ, கையேட்டில் உள்ள குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போனாலோ மாற்றத்தான் வேண்டும். பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பு உயரமாக இருக்கும் பிளைவீல்களில் ஒரு பொறி உண்டு: உரசும் பரப்பில் எத்தனை எடுக்கிறார்களோ அதே அளவு விளிம்பிலும் எடுக்க வேண்டும். விளிம்பை விட்டுவிட்டால் பிரஷர் குறைந்து புதுப் பிளேட் முதல் ஏற்றத்திலேயே சிலிப் அடிக்கும். லேத்காரரிடம் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள். தழும்பு இல்லை என்றால் உப்புத்தாளால் தேய்த்து, பிரேக் கிளீனரில் துடைத்தால் போதும்.

7. ஏற்றுவது

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிரீஸ் விரல் ஒன்று லைனிங்கில் பட்டாலும் உதறலுக்கு விதை போட்டாகிவிட்டது.

பிளேட்டில் எந்தப் பக்கம் பிளைவீலுக்கு என்று அச்சடித்திருக்கும். அச்சு இல்லை என்றால் ஸ்பிரிங் துருத்திய பக்கம் பெரும்பாலும் கியர்பாக்ஸைப் பார்க்கும். திருப்பிப் போட்டால் கிளட்ச் விடாது, எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும். ஷாஃப்ட் பல்லில் கிரீஸ் மெல்லிசாகப் பூசி, பிளேட்டை ஒரு தடவை ஏற்றி இறக்கி, வழிந்ததைத் துடையுங்கள்.

பிளேட்டை மையத்தில் நிறுத்த டம்மி ஷாஃப்ட் வேண்டும். பட்டறைகளில் பழைய கிளட்ச் ஷாஃப்ட் ஒன்று கிடக்கும், இரவல் வாங்குங்கள். கண் மதிப்பில் வைத்தால் கியர்பாக்ஸ் கடைசி ஒரு இஞ்ச் ஏறாது. அப்போது போல்ட்டைப் போட்டு இழுத்து ஏற்றுவதுதான் செய்யக் கூடாத காரியம், ஹவுசிங் காது உடையும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒரு சுற்றுக்கு அரைத் திருகாக இறுக்குங்கள். 8 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். பிளைவீல் போல்ட்டுக்குக் கையேட்டு அளவுதான், ஊகம் வேண்டாம்.

ரிலீஸ் பேரிங் போர்க்கில் கிளிப்போடு உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கியர்பாக்ஸை ஏற்றுங்கள். பல் ஒத்து வராமல் நின்றால் பின் பிளாஞ்சைக் கையால் லேசாகத் திருப்பினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். கியர் ஆயிலை நிரப்பும் ஓட்டையின் விளிம்பு வரை ஊற்றுங்கள். கையேட்டில் ஜிஎல்-4 என்றிருந்தால் ஜிஎல்-5 ஊற்ற வேண்டாம், பித்தளை சிங்க்ரோ ரிங்கை அது கெடுக்கும்.

ஆயில் வண்டியில் காற்று எடுக்க டாட் 3 அல்லது டாட் 4, மூடியில் எது எழுதியிருக்கிறதோ அது. இஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஒரு சொட்டுப் போனாலும் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட, பிறகு பெடலை விட வேண்டும். குமிழ் நிற்கும் வரை தொடருங்கள், நடுவில் டப்பா காலியாகக் கூடாது.

8. முதல் ஓட்டமும் முதல் 500 கிலோ மீட்டரும்

தரையில் இறக்கிய பிறகு முதல் கியர், ரிவர்ஸ் இரண்டும் சத்தமில்லாமல் விழ வேண்டும். விழாவிட்டால் விளையாட்டு அளவையும் காற்றையும் மறுபடி பாருங்கள், பிளேட்டைச் சந்தேகப்படுவது அதற்கப்புறம். முதல் நாளில் லேசான புது வாடை வந்தால் பயப்பட வேண்டாம்.

500 கி.மீ. வரை அரை லோடு, சமதளம். மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்குப் போகலாம், அங்கிருந்து கோத்தகிரிக்கு ஏற வேண்டாம். அதன் பிறகு மூன்று காரியம்: கேபிள் விளையாட்டை மறுபடி அளந்து வைப்பது, கியர் ஆயில் மட்டம் பார்ப்பது, பெல் ஹவுசிங் அடியில் கையை ஓட்டி ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது. ஈரம் இருந்தால் வாடையை முகர்ந்துவிட்டு, பில்லையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே பட்டறைக்குப் போங்கள். பழைய பிளேட்டையும் பேரிங்கையும் புதுப் பெட்டியில் போட்டு அதுவரை தூக்கி எறியாமல் வைத்திருங்கள், பேச்சு வந்தால் காட்ட அதுதான் உதவும்.